ஹரகெகெயைச் சுற்றிப் போன கால்கள்

1

இந்தக் கதை ஒரு மேசைக்கு அடியில் பிறந்தது. எழுதுகிறவர்களிடம் உங்கள் கதை எங்கே பிறந்தது என்று கேட்டால் மழை, ரயில் பயணம், அதிகாலைக் கனவு என்று கௌரவமாக ஏதாவது சொல்வார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எட்டு வயதுப் பிள்ளைகள் எழுதுகிற மேசை. அதன் அடியில், ஐம்பதைத் தாண்டிய நான், தேய்ந்த முழங்கால்களோடு. யாரோ மேசையின் அடிப்பக்கத்தில் ஒட்டிவைத்திருந்த சூயிங்கம் என் தலைமுடியில் ஒட்டிக்கொண்டது. ஒரு கையால் மேசைக்காலைப் பிடித்திருந்தேன். மறு கையை மனாயா என்ற பையன் பிடித்திருந்தான். நிலம் ஆடிக்கொண்டிருந்தது.

மேசைக்கு அடியிலிருந்து பார்த்தால் ஆட்கள் தெரிய மாட்டார்கள், கால்கள்தான் தெரியும். எங்கள் வகுப்பில் செருப்பும் ஷூவும் வாசலோடு சரி. ஆகவே வெறுங்கால்களும் சாக்ஸ் போட்ட கால்களும். அறையின் நடுவில் நீளநீளமான பச்சைக் கீற்றுகள் பாய்போல விரிந்து கிடந்தன. கால்களெல்லாம் அவற்றைத் தாண்டிக் குதித்து மேசைகளுக்கு அடியில் புகுந்தன. ஒரே ஒரு ஜோடி மட்டும் தாண்டவில்லை. ஒரு சாக்ஸ் முழங்கால் வரை, மற்றது கணுக்காலில் சுருண்டு. அந்தக் கால்கள் கீற்றுகளின் விளிம்பில் வந்து நின்றன. பிறகு திரும்பின. சுவரோரமாக, புத்தக அலமாரியை ஒட்டி, சுற்றிப் போகத் தொடங்கின. ஓடக்கூட இல்லை. வகுப்பில் ஓடக் கூடாது.

அந்தக் கால்களைத்தான் எழுதப் போகிறேன். முடிந்தால், கால்களுக்கு மேலே இருந்த பிள்ளையையும்.

2

முதல் தொடக்கம்: "நியூசிலாந்தின் வடதீவில், கிழக்குக் கடற்கரையோரம், ஆப்பிள் தோட்டங்களும் ஆட்டு மந்தைகளும் சூழ்ந்த ஓர் அழகிய

[நிறுத்திவிட்டேன். இது சுற்றுலாக்காரர்களுக்குக் கொடுக்கிற துண்டுத்தாள்.]

இரண்டாவது தொடக்கம்: "மாவோரி மொழியில் பூகம்பத்துக்கு ரூ என்று பெயர். இம்மொழியின் சொல்வளம்

[இது பாடநூல். என் பரீட்சைகளெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டன.]

மூன்றாவது தொடக்கம்: "அன்று காலையிலிருந்தே அவளுக்கு மனசு சரியில்லை."

[சுத்தப் பொய். அன்று அவளுக்கு மனசு மிக நன்றாகவே இருந்தது. தன் முதல் கூடையில் பாதியைப் பின்னி முடித்திருந்தாள்.]

ஆகவே நான்காவது வழி: நடந்ததை நடந்தபடி சொல்வது. இது சோம்பேறிகளின் வழி என்று என் எழுத்தாளர் நண்பர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

இந்த ஊரில் இருபது வருடங்களாக இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் இந்தப் பள்ளியில் உதவி ஆசிரியை. அதாவது பென்சில் சீவுவது, மூக்குத் துடைப்பது, கூட்டல் வராத பிள்ளையோடு உட்கார்ந்து கூட்டுவது. பள்ளியில் ஒரு வகுப்பு மட்டும் பாதிப் பாடத்தை மாவோரியில் நடத்துகிறது. நான் அந்த வகுப்பில். பிள்ளைகள் என்னை ஃபையா கோதை என்பார்கள். ஃபையா என்பது டீச்சருக்கும் சித்திக்கும் நடுவில் நிற்கிற ஒரு சொல். வகுப்பு ஆசிரியை ஃபையா ஹூயா, என்னைவிட இருபது வயது இளையவள். உரக்கச் சிரிப்பாள், அதைவிட உரக்கக் கோபப்படுவாள், இரண்டையும் ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவாள்.

அந்த வாரம் திங்கட்கிழமை பாதுகாப்புப் பாடம்.

"புகை வந்தா?" என்று ஹூயா கத்துவாள்.

"தவழணும்!"

"கடல் பின்னால போனா?"

"மேட்டுக்கு ஓடணும்!"

"நிலம் ஆடுனா?"

"ஹோனு!" ஹோனு என்றால் ஆமை. எல்லாரும் மேசைக்கு அடியில் புகுந்து, குனிந்து, கழுத்தை மூடி, மேசைக்காலைப் பிடித்துக்கொள்வார்கள்.

"ஃபையா," என்றான் மனாயா, "மேட்டு மேல நிக்கறப்ப புகையும் வந்தா?"

"அப்ப நீ வாய மூடிக்கோ. பாதிப் பாதுகாப்பு அதுலயே வந்துடும்."

வியாழக்கிழமை கைவேலைப் பாடம்: ஹரகெகெ. தாழை மடலிலிருந்து முள்ளை எடுத்துவிட்டு இரண்டு மடங்கு நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு இலை. பள்ளி வேலியோரம் புதர்புதராக நிற்கிறது. வெட்டுவதற்கு முன் ஒரு சிறிய வழிபாடு. நடுக்குருத்தையும் அதற்கு இரு பக்கமும் அணைத்து நிற்கிற இலைகளையும் தொடக் கூடாது. குருத்து பிள்ளை, பக்கத்தில் நிற்பவர்கள் அப்பா அம்மா. வெளி இலைகளை மட்டும் வெட்டி, கீறி, கத்தியின் முதுகில் இழுத்து இளக்கி, தரையில் விரிப்பார்கள். அன்று ஹூயா சொன்ன விதிகள் நிறைய. இந்தக் கதைக்கு இரண்டு போதும். ஒன்று, விரித்த ஹரகெகெயைத் தாண்டக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். இரண்டு, முதன்முதலாகப் பின்னியதை வைத்துக்கொள்ளக் கூடாது, யாருக்காவது கொடுத்துவிட வேண்டும்.

(வாசகரே, திங்கட்கிழமைப் பாடமும் வியாழக்கிழமைப் பாடமும் முட்டிக்கொள்ளப் போகின்றன என்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். சந்தோஷம். எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. நீங்கள் கதை படிக்கிறீர்கள். நாங்கள் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம்.)

(இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இவர்கள் யாரும் தமிழ் பேசவில்லை. என் காதுக்குள் வந்ததும் எல்லாம் தமிழாகிவிடுகிறது. இருபது வருடங்களாக இந்த வியாதி இருக்கிறது.)

3

இனி அந்தப் பிள்ளை. பெயர் மெரெயானா. உண்மைப் பெயர் அல்ல. யார் வைத்த பெயர் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வரைவில் அவளைப் பெரிய கண்களும் சிறிய குரலும் கொண்ட சாதுவான குழந்தையாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் எனக்கே சகிக்கவில்லை. நிஜ மெரெயானா ஒரு கோள்மூட்டி. "ஃபையா, மனாயா மேசை மேல உக்காந்திருக்கான்!" சாப்பாடு வைக்கிற இடத்தில் பின்பக்கத்தை வைக்கக் கூடாது என்பது இங்கே வழக்கம். "ஃபையா, மனாயா கத்தரிக்கோல கூர்ப்பக்கமா நீட்டறான்!" "ஃபையா, மனாயா கூடைய தலைல கவுத்துக்கிட்டான்!" எங்கள் வகுப்பில் ஓர் ஆசிரியை, ஓர் உதவி ஆசிரியை, ஒரு போலீஸ்.

அவள் இந்த வருடம்தான் பிரிஸ்பேனிலிருந்து வந்தாள். அப்பா ராவிரி இந்த ஊர்க்காரன்தான், மாவோரிதான். பதினேழு வயதில் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சுரங்க வேலையில் சேர்ந்தவன். பிள்ளை அங்கேயே பிறந்தாள். அம்மாவும் அப்பாவும் பிரிந்த பிறகு, அவன் சுரங்கத்துக்குப் போகிற வாரங்களில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இங்கே அவனுடைய அக்கா ரிபெக்காவின் வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து, தன் மலை எது, தன் ஆறு எது, தான் யார் வீட்டுப் பிள்ளை என்று மாவோரியில் சொன்னார்கள். இவள் முறை வந்தது.

"எனக்கு மல கெடையாது," என்றாள். "எங்க வீட்டுக்கிட்ட ஷாப்பிங் சென்டர்தான் இருந்துச்சு."

வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. ஷூவைப் போடுமுன் உதறிப் பார்த்ததற்கும் சிரித்தது. அங்கே சிலந்திக்கும் பாம்புக்கும் பாதுகாப்புப் பாடம் நடத்துவார்களாம். "இங்க பாம்பே கெடையாது, கங்காரு," என்றான் மனாயா. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அன்று சாயங்காலமே அத்தையைக் குடைந்தெடுத்து மலையின் பெயரையும் ஆற்றின் பெயரையும் கேட்டுக்கொண்டு, மறுநாள் எழுந்து நின்று ஒரு பிழை இல்லாமல் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. பெயர் மட்டும் போகவில்லை.

அதன்பிறகுதான் போலீஸ் வேலை தொடங்கியது. மற்ற பிள்ளைகளுக்கு இந்த விதிகள் சட்டைக்குப் பொத்தான் போடுவது மாதிரி. நினைக்காமலே செய்வார்கள், நினைக்காமலே மறப்பார்கள். இவளுக்கு அப்படி அல்ல. ஒரு விதியைக்கூட விடாமல் செய்தால் ஒருநாள் தன்னை யாரும் விருந்தாளி என்று சொல்ல மாட்டார்கள் என்று நம்பினாள். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். நானும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவள்தான்.

4

[நான்காம் பகுதியில் பூகம்பம் இருந்தது. இரண்டு பக்கம். "பூமித்தாய் புரண்டு படுத்தாள்" என்றெல்லாம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். எங்கள் ஊரில் பூகம்பத்தை வர்ணிக்கிற ஆளைப் பார்த்தால் இரக்கப்படுவார்கள்.]

மிச்சம் இவ்வளவுதான். வியாழக்கிழமை மத்தியானம் ஹூயா "ரூ! ஹோனு!" என்று கத்தினாள். எல்லாரும் தாண்டினார்கள். மெரெயானா சுற்றிப் போனாள். அலமாரி சுவரோடு திருகப்பட்டிருந்ததால் விழவில்லை, அதிலிருந்த கனமான வரைபடப் புத்தகங்கள் விழுந்தன. ஒன்றின் மூலை அவள் புருவத்தைக் கிழித்தது.

ஆட்டம் நின்றதும் முதலில் வாயைத் திறந்தவன் மனாயா. "பேரு கங்காரு. தாண்டத் தெரியலையே!"

எல்லாரும் சிரித்தார்கள். பயந்துபோன பிள்ளைகள் அப்படித்தான் எதற்கும் சிரிப்பார்கள். மெரெயானா முகத்தில் ரத்தம் வழிய அலமாரிப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்த்தது எங்களை அல்ல, மிதிபட்டுக் கலைந்து கிடந்த கீற்றுகளை.

"நீங்க எல்லாரும் தாண்டிட்டீங்க," என்றாள். "ஃபையா, எல்லாரும் தாண்டிட்டாங்க!"

5

மெரெயானாவுக்குத் தையல் போட்டு அத்தையோடு வீட்டுக்கு அனுப்பிய பிறகு, ஹூயா ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தாள். தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது.

"புள்ளைங்க நாம சொல்றத கேக்கலன்னா கத்துவோம்," என்றாள். "இவ நான் சொன்னத அப்படியே கேட்டா, கோதை. அதான் பயமா இருக்கு."

மறுநாள் ராவிரி தொலைபேசியில் கூப்பிட்டான். ஹூயா ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் ஏதோ பெரிய இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"ஒரு எலைக்காகவா டீச்சர்? எலை! எம்பொண்ணு மண்டைய விட அது ஒசத்தியா?"

"இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் ஒன்னுமில்ல. நீங்க சொல்றது சரிதான்."

சண்டைக்கு வந்தவனுக்குச் சண்டை கிடைக்கவில்லை.

"நானும் அந்த ஊர்ல பொறந்தவன்தான்," என்றான். "இந்த சமாச்சாரம் எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாததால ஒன்னும் கொறஞ்சு போயிடல. அடுத்த வியாழக்கெழம வர்றேன். அவள கூட்டிட்டுப் போறேன். இங்கயே ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கறேன்."

(இந்த இடத்தில் ஒரு கெட்ட அப்பா கிடைத்திருந்தால் எனக்கு வேலை சுலபம். எழுதிப் பார்த்தேன்: "ராவிரி குடிகாரன். மகள் மேல் அவனுக்கு அக்கறை

[அக்கறை இல்லாதவன் சுரங்கத்தின் வாசலில் நின்று, வெளிநாட்டுக்குக் கூப்பிட்டு, தொண்டை அடைக்கக் கத்துவானா? வெட்டிவிட்டேன்.])

6

திங்கட்கிழமை மெரெயானா கட்டுப் போட்ட புருவத்தோடு வந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து என்னவென்று கேட்டாள். உன்னைப் பற்றித்தான் என்று சொன்னேன். படிக்கச் சொன்னாள். நான் அவளுக்குப் புரிகிற மொழியில் மாற்றிச் சொன்னேன். ஒரு கதாபாத்திரம் தன் கதையை இவ்வளவு அலட்சியமாகச் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டு கேட்டு நான் பார்த்ததில்லை.

"கை ஒடைஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்க. எனக்குக் கை ஒடையல."

"கதைக்காக."

"கை ஒடைஞ்சா கூடை எப்படி முடிப்பேன்?"

கையைச் சரிசெய்தேன்.

"நான் அழல."

"கொஞ்சம் அழுத மாதிரி இருந்துதே?"

"கண்ணுல ரத்தம் போச்சு. அது வேற."

அழுகையை எடுத்தேன்.

"எம்பேர போடாதீங்க. மெரெயானான்னு போடுங்க. பிரிஸ்பேன்ல என் பொம்மைக்கு அந்தப் பேரு வெச்சிருந்தேன்." பிறகு, எதற்கோ பதில் தேடுகிறவள் மாதிரி என்னைப் பார்த்தாள். "இது நீங்க எழுதற மொதல் கதையா?"

"இல்ல. ஆனா இந்த ஊரப் பத்தி எழுதற மொதல் கதை."

"அப்ப வெச்சுக்கக் கூடாது. குடுத்துடணும்."

"யாருக்கு?"

"அத நீங்கதான் பாத்துக்கணும்." தன் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் தாழ்ந்த, கோணல் கூடை. "எனக்கே தெரியல. நான் போறதா இருந்தா ஃபையா ஹூயாவுக்கு. இங்கயே இருக்கறதா இருந்தா அப்பாவுக்கு, அவர் எடுத்துட்டுப் போகட்டும்."

"உனக்கு எது பிடிக்கும்?"

"அத யாரும் கேக்கல," என்றாள். புகார் சொல்கிற குரலில்கூட இல்லை. சாண்ட்விச்சின் ஓரத்தைப் பிய்த்துத் தனியாக வைத்தாள்.

7

அன்று மத்தியானம் அவள் கையைத் தூக்கினாள்.

"ஃபையா, நான் தாண்டியிருக்கணுமா?"

ஹூயா பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். திரும்பினாள். "தாண்டியிருந்தா நான் ஒரு வார்த்த சொல்லியிருக்க மாட்டேன்."

"அப்ப இவங்க எல்லாம் செஞ்சது சரி."

"சரி."

"அப்ப நான் செஞ்சது தப்பு."

[இங்கே ஹூயாவுக்கு ஓர் அருமையான பதில் எழுதிக் கொடுத்தேன். மரபு, உயிர், மரியாதை எல்லாம் அதில் வந்தன. படித்தால் கண்ணீர் வரும். அவள் அதைச் சொல்லவில்லை.]

அவள் பலகைப் பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். "தப்பு என்னோடது," என்றாள். "பக்கத்துல மேச இல்லன்னா நின்ன எடத்துலயே ஆமை. கீழ உக்காந்து கழுத்த மூடிக்கணும். தாண்டவும் வேணாம், சுத்தவும் வேணாம். இத நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். வர்ற வியாழக்கெழம ஹரகெகெய விரிச்சு வெச்சே பயிற்சி செய்வோம்."

"வர்ற வியாழக்கெழம எங்கப்பா வர்றார்," என்றாள் மெரெயானா.

"தெரியும்."

"கூட்டிட்டுப் போயிடுவார்."

"அது வரைக்கும் பயிற்சி செய்யலாம்ல?"

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற நேரத்தில் மனாயா அவள் பக்கத்தில் போய், தரையைப் பார்த்துக்கொண்டு, "நாந்தான் மொதல்ல தாண்டுனேன். என்னப் பாத்துத்தான் மத்தவங்க தாண்டுனாங்க," என்றான். மன்னிப்பா பெருமையா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

"தெரியும்," என்றாள் அவள். "ஃபையாகிட்ட சொல்லிட்டேன்."

8

வியாழக்கிழமை. வாரம் முழுக்கச் சின்னச் சின்ன ஆட்டங்கள் வந்துகொண்டிருந்தன. கோப்பை கிணுகிணுக்கும், எல்லாரும் ஒரு கணம் மேலே பார்ப்பார்கள், பிறகு வேலையைத் தொடர்வார்கள். கீற்றுகள் நடுவில் விரிந்து கிடந்தன. மெரெயானா ஜன்னல் பக்கம், கூடையின் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுச் சும்மா நின்றிருந்தாள். மேசைகள் எதிர்ப்பக்கம்.

"ரூ!" என்று ஹூயா கத்தினாள். "ஹோனு!"

நான் என் மேசைக்கு அடியில் புகுந்தேன். அதே சூயிங்கம். யாரும் தாண்டவில்லை. மேசைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் அடியில் போனார்கள், மற்றவர்கள் நின்ற இடத்திலேயே சுருண்டார்கள். மனாயா கூட. ஜன்னல் பக்கம் மெரெயானா, கூடையை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு, கழுத்தின் மேல் இரண்டு கைகளோடு, ஒரு சிறிய ஆமை.

அப்போது வாசலில் இரண்டு கால்கள் தெரிந்தன. பெரிய கால்கள், சாம்பல் நிறச் சாக்ஸ், வலது பெருவிரல் ஓட்டை வழியாக வெளியே. பின்னால் வராந்தாவில் ஒரு ஜோடி சுரங்க பூட்ஸ், பக்கத்துப் பக்கத்தில் ஒழுங்காக. மகளைப் பிடுங்கிக்கொண்டு போக வந்தவன் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தான்.

இது பயிற்சி என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

அவன் கண்டதெல்லாம் இவ்வளவுதான்: வகுப்பு முழுக்கத் தரையில், மகள் எதிர்ப்பக்கம், தலைக்கு மேல் ஒன்றுமில்லாமல், கண்ணாடி ஜன்னலுக்குக் கீழே. அவள் பெயரைக் கத்தினான். உண்மைப் பெயரை. கால்கள் ஓடி வந்தன. நேராக ஓடினால் நாலே எட்டு.

ஹரகெகெயின் விளிம்பில் அந்தக் கால்கள் நின்றன.

நான் இதைக் கதைக்காகச் சொல்லவில்லை. மேசைக்கு அடியிலிருந்து பார்த்தேன். நின்றன. பிறகு திரும்பின. சுவரோரமாக, அலமாரியை ஒட்டி, போன வாரம் அவள் போன அதே வழியில் ஓடின. முழுக்கச் சுற்றி ஜன்னல் பக்கம் போய்ச் சேர்ந்தன. முழங்கால்கள் தரையில் விழுந்தன, முழங்கைகள் விழுந்தன. ஒரு பெரிய முதுகு அவளை மொத்தமாக மூடிக்கொண்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மேசைக்கு அடியில் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

நிலம் ஆடவில்லை என்று அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பா, மூச்சு முட்டுது. இது பயிற்சிப்பா."

அவன் அசையவில்லை.

"அப்பா."

"ம்."

"நீயும் சுத்தித்தான வந்த?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். வாசல், சுவர், அலமாரி. நடுவில் ஒரு கீற்றுகூடக் கலையாமல் ஹரகெகெ.

"இவரும் தாண்டல!" என்று கூவினான் மனாயா. "ஃபையா, இவரும் தாண்டல!" கோள்மூட்டுவது தொற்றுவியாதி போலிருக்கிறது.

ஹூயா அருகே வந்து நின்றாள். ராவிரி அவளைப் பார்த்தான், பெருவிரலைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான்.

"தெரியல ஃபையா," என்றான். "கால் தானா போயிடுச்சு."

தொலைபேசியில் அவன் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டான். நான் கவனித்தேன். அவன் கவனிக்கவில்லை.

9

இனி முடிவு. நான்கு எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று: அவன் அவளை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறான். விமான நிலையத்தில்

[கால் தானாகப் போனதாலேயே ஒருவன் மகளை விட்டுவிட்டுப் போய்விட வேண்டுமா? அவளும் அவனும் மட்டும் இருக்கிற குடும்பம் அது.]

முடிவு இரண்டு: அவளைக் கூட்டிக்கொண்டு போகிறான். பிரிஸ்பேன் பள்ளியில் அவள் எழுந்து நின்று, கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற தன் மலையின் பெயரைச்

[அழகாகத்தான் இருக்கிறது. அழகுக்காக ஒரு பிள்ளையை விமானத்தில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.]

முடிவு மூன்று: ராவிரி சுரங்கத்தை விட்டுவிட்டு இங்கே ஆப்பிள் தோட்டத்தில் வேலைக்குச் சேர்கிறான். [எல்லாருக்கும் நல்லது. ஆகவே நம்பாதீர்கள்.]

முடிவு நான்கு, நிஜமாக நடந்தது. எனக்குத் தெரியும். நான் அங்கேதான் இருந்தேன், தலைமுடியிலிருந்து சூயிங்கத்தைப் பிய்த்துக்கொண்டு. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ராவிரி மறுபடி சுவரோரமாகச் சுற்றி வாசல் பக்கம் போய் நின்றான். ஹூயாவும் அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இருவருக்கும் நடுவில் ஒரு முழ இடம்.

"சரி," என்றான் ராவிரி. "உனக்கு எது பிடிக்கும்?"

மெரெயானா என்னைப் பார்த்தாள். கேட்க வேண்டியவன் ஒருவழியாக அதைக் கேட்டுவிட்டான். குனிந்து கூடையை எடுத்தாள். கோணலான, பச்சை வாசனை போகாத, கடைசி முடிச்சு போட்ட கூடை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓர் அடி வைத்தாள்.

இதற்கு மேல் என்னிடம் இருக்கிறதைச் சொல்ல மாட்டேன். அடம் இல்லை. அவள் சொன்ன விதிதான். இந்த ஊரைப் பற்றி நான் பின்னிய முதல் கதை இது, கோணலாகத்தான் வந்திருக்கிறது, இதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது.

ஆகவே கூடை இப்போது உங்கள் கையில். வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள். யாரிடம் கொடுப்பது என்று நீங்களே முடிவுசெய்து கொண்டுபோய்க் கொடுங்கள்.

பார்த்துப் போங்கள். நடுவில் ஹரகெகெ விரித்திருக்கிறது.